புகைவண்டிச் சீட்டும் அருங்காட்சியக வாயிலும்

விடுமுறை வந்துவிட்டால் மூட்டை முடிச்சுகளோடு புகைவண்டி ஏறிப் பிறந்த ஊர் செல்வது, தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் போன்ற குடும்பங்களின் ஆண்டு வழக்கம். உற்றார் உறவினரைக் காண்பதும், குலதெய்வத்தை வணங்குவதும், திருமண வீடுகளில் தலைகாட்டுவதுமே அப்பயணத்தின் பயன். வழியிலுள்ள நகரத்தில் இறங்கி ஓர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? மேலை நாடுகளிலோ ஓவியமும் சிற்பமும் காண்பதற்கென்றே இரண்டு மூன்று நாள் வேற்று நகரத்துக்கு வண்டியேறிப் போவது இயல்பான பழக்கமாகிவிட்டது. போனவர்கள் தம் வண்டிச் சீட்டையே அருங்காட்சியக வாயிலில் காட்டி, இருவருக்கு ஒருவர் கட்டணம் மட்டும் செலுத்தி உள்ளே செல்லும் சலுகையும் அங்கே உண்டு. லண்டனையும் பாரிஸையும் கடலடியில் இணைக்கும் யூரோஸ்டார் வண்டியார் இவ்வாறு அளித்த சலுகை பலரும் அறிந்தது.

இதனை நம் காலத்து வணிகர் கண்ட புது உத்தி என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. புகைவண்டியும் அருங்காட்சியகமும் கைகோத்துக் கொண்டது நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் முன்பு. அன்று அந்த மலிவுச் சீட்டு எவரை உள்ளே கொண்டுவரத் தோன்றியது, இன்று எவர் கையைச் சேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

லண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பட்டது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லாத கதவெல்லாம் திறந்த கதவு ஆகிவிடுமா? காண விரும்புவோர் தம் பெயர், நிலை, இருப்பிடம் ஆகியவற்றை முன்னதாகவே எழுதித் தரவேண்டும். இன்னார் தகுதியுடையவர் என்று உள்ளிருப்போர் ஒப்பிய பிறகு மீண்டும் சென்று சீட்டுப் பெறவேண்டும். குறித்த நாளில், சிறு குழுவாக, விரைந்து நடத்திச் செல்லப்பட வேண்டும். தச்சரும் நெசவாளரும் தம் வேலையை விட்டுவிட்டு இத்தனை முறை நடப்பது எங்ஙனம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த விதிகள் தளர்ந்தன. ஆயினும் லண்டனுக்கு வெளியே வாழ்ந்த உழைப்பாளிக்கு அந்தக் கட்டடம் வானுலகம் போல் எட்டாத இடமாகவே இருந்தது. தொலைவே பெரும் பூட்டு.

அந்தப் பூட்டைத் திறந்த சாவி நீராவி வண்டி. 1830ஆம் ஆண்டு லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே பாதை திறந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு தடத்திலும் நாள்தோறும் ஒரு வண்டியேனும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லவேண்டும் என விதித்தது. மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்குக் கூரையுள்ள பெட்டியும் அச்சட்டத்தால் உறுதியாயிற்று. அதற்கு முன் பல இடங்களில் அவர்கள் கூரையற்ற திறந்த பெட்டிகளில் மழையிலும் கரியிலும் நனைந்து சென்றனர்.

இந்த வரலாற்றில் தாமஸ் குக் என்பாரை விட்டுவிட்டுப் பேச இயலாது. தொழிலால் தச்சர், பற்றினால் மதுவிலக்குப் பரப்புநர். 1841 சூலை 5ஆம் நாள், லெஸ்டரிலிருந்து லஃபரோ என்ற ஊரில் கூடிய மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் ஐந்நூறு பேரைத் தனி வண்டியில் அழைத்துச் சென்றார். போகவர ஒரு ஷில்லிங். பதினொரு மைல் தொலைவே ஆன அந்தச் சிறு பயணத்தில், கூட்டமாகச் சேர்த்தால் கட்டணம் குறையும், கட்டணம் குறைந்தால் கூட்டம் சேரும் என்ற எளிய கணக்கை அவர் கண்டுகொண்டார். மதுக்கடைக்குச் செல்லும் காசையும் பொழுதையும் வேறு நல்வழியில் திருப்பவேண்டும் என்பது அவருடைய உள்ளக் கிடக்கை. அந்த நல்வழி 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் எழுந்தது.

1851 மே முதல் நாள் விக்டோரியா அரசியார் தொடங்கி வைத்த பெருங்கண்காட்சியைப் பற்றி நம் முன்னோரும் கேள்விப்பட்டிருப்பர். ஏறத்தாழ 1,850 அடி நீளத்தில், சுமார் 3 லட்சம் கண்ணாடிப் பலகைகளால் ஆன மாளிகை. அதற்குப் பளிங்கு மாளிகை என்று பெயர் வழங்கிற்று. அதனை வகுத்தவர் சோசஃப் பாக்ஸ்டன். இவர் கட்டடக் கலைஞரல்லர், தோட்டக்காரர். அதோடு மிட்லண்டு இருப்புப்பாதை நிறுவனத்தின் இயக்குநருள் ஒருவர். 1850 சூன் மாதம் டார்பி நகரில், ஊழியர் ஒருவர்மீது நடந்த விசாரணையில் அமர்ந்திருந்தபோது, மையொற்றும் தாளில் அவர் கிறுக்கிய கோட்டுருவமே அம்மாளிகையின் முதல் வடிவம். விசாரணைக்குள்ளான ஊழியரின் கதி என்னவாயிற்றோ, வரலாறு அவரை மறந்துவிட்டது. கிறுக்கிய தாளோ இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது.

நுழைவுக் கட்டணத்தை அவர்கள் வகுத்த முறை நம் கவனத்துக்குரியது. பருவச் சீட்டு ஆடவர்க்கு மூன்று கினி, மகளிர்க்கு இரண்டு கினி. முதல் நாள் அச்சீட்டு உடையோர்க்கு மட்டும். அடுத்த இரு நாட்கள் ஒரு பவுண்டு. பிறகு ஐந்து ஷில்லிங். மே 26ஆம் நாள் தொடங்கித் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஷில்லிங். வெள்ளிக்கிழமை இரண்டரை ஷில்லிங். சனிக்கிழமை ஐந்து ஷில்லிங். செல்வர்கள் தங்களுக்குள் நெருக்கமின்றி உலவச் சனிக்கிழமை; எளியோர்க்கு வாரத்தின் வேலை நாட்கள். அக்காலத்து உழவுக் கூலியாளின் வாரக்கூலி பத்து ஷில்லிங்குக்கும் குறைவு என்பதை நினைவில் கொண்டால், அந்த ஒரு ஷில்லிங்கும் எளிதில் கிட்டிய காசன்று என்பது விளங்கும்.

ஷில்லிங் நாள் நெருங்க நெருங்க லண்டன் மேட்டுக்குடியினரை அச்சம் பிடித்தது. பாட்டாளிகள் ஆயிரமாயிரமாகத் திரண்டு வந்தால் கண்ணாடி மாளிகை என்னாகும்? மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1848இல், ஐரோப்பா முழுவதும் கிளர்ச்சிகள் வெடித்திருந்தன. காவலரைக் கூட்டினர், படையினரை ஆயத்தமாக வைத்தனர். முதல் ஷில்லிங் நாளில் அஞ்சிய அளவு கூட்டமே வரவில்லை. வந்தவரும் அமைதியாகப் பார்த்தனர், கட்டிக்கொண்டு வந்த உணவை உண்டனர், திரும்பினர். அதன் பிறகு கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. அக்டோபர் 7ஆம் நாள் ஒரே நாளில் 1,09,915 பேர் வந்தனர். கண்காட்சி முடியும்போது நுழைவுகளின் தொகை 60 லட்சத்தைக் கடந்திருந்தது; அதில் பெரும்பகுதி ஷில்லிங் நாட்களில் வந்தோர். பிரிட்டனின் மக்கள்தொகையே அப்போது 2 கோடியே 10 லட்சத்தை ஒட்டியிருந்தது என்றால் பார்த்துக் கொள்ளலாம். உள்ளே ஒரு பென்னி கட்டணத்தில் கழிப்பறை வைத்திருந்தனர். அதைப் பயன்படுத்தியோர் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஏட்டில் எழுதி வைத்தது ஆங்கிலேயரின் கணக்கு நேர்த்திக்குச் சான்று!

இவ்வளவு மக்களும் வந்தது எப்படி? பாக்ஸ்டனும் மிட்லண்டு நிறுவனத்தின் தலைவர் சான் எல்லிஸும் குக்கை அழைத்துப் பேசினர். குக் தம் மகனுடன் யார்க்ஷயர் ஆலை நகரங்களில் சுற்றினார். வாரந்தோறும் சில காசுகள் சேமித்துப் பயணச்சீட்டுப் பெறும் சங்கங்களை ஊக்கினார். கண்காட்சிக்கென்றே ஒரு செய்தித்தாளும் நடத்தினார். நம்மூர்ச் சீட்டுக் கட்டும் பழக்கத்தை அறிந்தவர்க்கு இந்தச் சேமிப்புச் சங்கங்களின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. கையில் காசில்லாதோர் கடிகாரத்தை அடகு வைத்துச் சீட்டு வாங்கினர் என்பர். அந்தப் பருவத்தில் குக்கின் வழியே லண்டன் சென்றவர் சுமார் 1,50,000 பேர்.

அறநோக்கு மட்டுமே கட்டணத்தைக் குறைத்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. மிட்லண்டு நிறுவனமும் அதன் போட்டியான கிரேட் நார்தர்ன் நிறுவனமும் ஒருவரை ஒருவர் முறியடிக்கக் கட்டணத்தை வெட்டிக்கொண்டே போயின. லீட்ஸிலிருந்து லண்டன் போகவரப் பதினைந்து ஷில்லிங் என்று தொடங்கிய சீட்டு ஐந்து ஷில்லிங்குக்கு இறங்கிற்று. வணிகர்களின் பகை எளியோரின் பேறாயிற்று. எல்லோருக்கும் வண்டி கிட்டியது என்றும் எண்ணிவிட வேண்டா. கார்ன்வாலின் கோடியிலுள்ள பென்சான்ஸ் என்னும் ஊரிலிருந்து மேரி காலினாக் என்ற எண்பது வயது கடந்த மூதாட்டி தலையில் கூடையுடன் நடந்தே லண்டன் வந்து கண்காட்சியைக் கண்டார். அக்காலச் செய்தித்தாள்கள் அதை வியந்து எழுதின. டாமர் ஆற்றைக் கடந்து கார்ன்வாலைப் பிற பகுதிகளோடு இணைத்த இருப்புப்பாதைப் பாலம் 1859இல்தான் திறந்தது.

கண்காட்சியில் நம் நாட்டுப் பொருள்களும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. கோஹினூர் வைரத்தைக் காணத் திரண்டவர்கள், அது எதிர்பார்த்தபடி ஒளிரவில்லை என்று ஏமாந்தனராம். மறு ஆண்டே அதை அறுத்துச் சிறியதாக்கினர். இந்திய அரசர்களின் அம்பாரியைக் காட்ட யானை ஒன்று தேவைப்பட்டது. அதற்கு எசெக்ஸ் மாவட்டச் சிற்றூர் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பாடம் செய்த யானையை இரவல் வாங்கி நிறுத்தினர். அதே 1851ஆம் ஆண்டில்தான் நம் சென்னை அருங்காட்சியகம் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தோன்றியது. சென்னையில் முதல் பயணியர் புகைவண்டி, இராயபுரத்திலிருந்து வாலாசாப்பேட்டைக்கு, 1856இல்தான் ஓடிற்று. சென்னையிலும் அருங்காட்சியகமே வண்டியை முந்தியது. காணும் பொங்கலன்று எழும்பூரில் பெருகும் கூட்டத்தைக் கண்டவர், எளிய மக்களுக்குக் காட்சிப் பொருளில் நாட்டமில்லை என்று சொல்லத் துணியார்.

பெருங்கண்காட்சி ஈட்டிய ஆதாயம் 1,86,000 பவுண்டு. அதைக் கொண்டு லண்டனின் தென் கென்சிங்டனில் நிலம் வாங்கினர். 1857 சூன் மாதம் அங்கே திறந்த தென் கென்சிங்டன் அருங்காட்சியகமே பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் என்ற பெயர் பெற்றது. அதன் தலைவர் ஹென்றி கோல், பகலில் வேலை செய்வோர் மாலையில் வரட்டும் என்று வாயு விளக்குகளை ஏற்றுவித்தார். வாரத்தில் மூன்று நாள் இலவசம் என்றார். உள்ளேயே உணவகமும் வைத்தார். ஷில்லிங் நாள் வந்தோர் அளித்த காசு, நிலையான கட்டடமாகி அவர்களுக்கே மாலை விளக்காக எரிந்தது என்றால் மிகையன்று.

அதே 1857 மே 5ஆம் நாள் மான்செஸ்டரில் கலைச்செல்வக் கண்காட்சி திறந்தது. ஐந்து நாள் கழித்து மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தனர். மே 11 அன்று அவர்கள் தில்லியில் நுழைந்தனர். அந்த ஆண்டு தில்லி பட்ட பாட்டைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டே மான்செஸ்டர் மக்கள் ஓவியம் பார்த்தனர் என்பதை, தில்லித் தெருக்களில் நடந்து பழகிய நாம் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். செல்வர்களின் இல்லங்களில் பூட்டிக் கிடந்த 16,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்களை இரவல் பெற்று, புகையால் கறுத்த ஒரு பருத்தி ஆலை நகரத்தில் வைத்தார்கள். அரங்கின் அருகே அதற்கென்றே ஒரு நிலையமும் அமைத்தார்கள். நள்ளிரவில் நியூகாசிலில் புறப்பட்டு, பகலெல்லாம் ஓவியம் கண்டு, அன்றிரவே வீடு திரும்பும் பயணத்துக்கு 'நிலாப் பயணம்' என்று குக் பெயரிட்டார். விடுதிச் செலவு மிச்சம். ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் தம் தொழிலாளர் சுமார் 2,500 பேரை மூன்று தனி வண்டிகளில், இசைக் குழுவோடு, அழைத்து வந்தார். ஐந்தரைத் திங்களில் 13 லட்சம் பேர் கண்டனர். அங்கே காட்சிக்கு வைத்த மைக்கேலாஞ்சலோவின் முற்றுப்பெறாத ஓவியம் ஒன்றுக்கு 'மான்செஸ்டர் மடோன்னா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு இன்றளவும் நிற்கிறது.

தொழிலாளர் ஓவியத்தைவிட உணவுச்சாலையிலும் இசையிலுமே நாட்டம் கொண்டனர் என்று அக்காலத்தார் சிலர் குறைகூறினர். இரவெல்லாம் மரப்பலகையில் அமர்ந்து வந்தவன் முதலில் பசியாறியதில் குற்றம் காண்பது என்ன நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

வண்டி மலிந்தது, வாயிலும் மலிந்தது. ஆனால் இன்னுமொரு பூட்டு எஞ்சியிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. பாட்டாளிக்கு முழு ஓய்வு கிட்டிய ஒரே நாளில் லண்டனின் பெரும் அருங்காட்சியகங்கள் ஓய்வுநாள் சமயக் கட்டுப்பாட்டால் மூடிக் கிடந்தன. மதுக்கடைகளோ உரிய நேரங்களில் திறந்திருந்தன. 1855இல் தோன்றிய தேசிய ஞாயிறு கழகம் இதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராடியது. அக்கழகமே ஞாயிறுகளில் மலிவுக் கட்டண வண்டிகளையும் விட்டது. மனுக்கள் எழுதினர், எதிர் மனுக்கள் அதைவிட மிகுதியாக வந்தன. இறுதியில் 1896இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தேசிய ஓவியக்கூடமும் ஞாயிறு பிற்பகலில் கதவைத் திறந்தன. பெருங்கண்காட்சியின் ஷில்லிங் நாளுக்கும் இதற்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள். தாத்தா அடகு வைத்துச் சென்ற பயணத்தைப் பேரன் ஓய்வுநாளில் செய்ய முடிந்தது.

பாரிஸின் கதை வேறு வகைத்து. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வருவோரை இறக்கிவிடச் சேன் ஆற்றங்கரையில் ஓர்சே நிலையத்தை விக்தோர் லாலூ என்ற கட்டடக் கலைஞர் எழுப்பினார். அதன் அழகைக் கண்ட ஓவியர் தெதாய், இது கலைமாளிகை போல் இருக்கிறதே என்று அன்றே வேடிக்கையாகச் சொன்னாராம். வண்டிகள் நீண்டுவிட்டதால் மேடை குறுகிற்று. 1939இல் தொலைதூர வண்டிகள் நின்றன. இடித்துத் தள்ளும் பேச்சும் எழுந்தது. நல்லவேளையாக அது நடக்கவில்லை. 1986 டிசம்பரில் அந்நிலையமே ஓர்சே அருங்காட்சியகமாகத் திறந்தது. வண்டி நின்ற இடத்தில் இப்போது சிற்பங்கள் நிற்கின்றன. ஓவியர் விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது.

1994 நவம்பரில் யூரோஸ்டார் ஓடத் தொடங்கியது. லண்டனில் வண்டி ஏறியவர் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸில் இறங்கலாம் என்ற நிலை 2007இல் வந்தது. இதன் பின்னரே வண்டிச் சீட்டு காட்டினால் அருங்காட்சியகத்தில் இருவர்க்கு ஒரு கட்டணம் என்னும் ஏற்பாடு லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் பரவலாயிற்று. பிரிட்டனின் உள்நாட்டு வண்டி நிறுவனங்களும் இத்தகைய சலுகையை நெடுங்காலம் நடத்தின. இருப்புப்பாதைப் பயணச் சீட்டெடுத்து வந்தவர்க்கே அது உரியது. லண்டன் நகருக்குள் மின்னட்டையைத் தட்டிப் பயணம் செய்வோர்க்குப் பொதுவாக அது கிட்டவில்லை.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் 1974இல் மூன்று மாதம் கட்டணம் வாங்கிப் பார்த்தன, எதிர்ப்பெழவே விட்டுவிட்டன. பின்னர்ச் சில மீண்டும் வாங்கலாயின. 2001 டிசம்பர் முதல் அவற்றின் நிலையான கூடங்கள் எல்லார்க்கும் இலவசம். ஆகவே லண்டன் தேசியக் கூடங்களில் சலுகைச் சீட்டு பயன்படுவது சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே. 'இருவர்க்கு ஒன்று' என்னும் கணக்கும் நம்மை உறுத்தாமல் இல்லை. தனியே வருபவர்க்கு அதில் ஒன்றுமில்லை. மூவராய் வந்தால் மூன்றாமவர் முழுக் கட்டணம் தரவேண்டும். பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாய் ஐவர், அறுவராய்ப் புறப்படும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்து வகுத்த கணக்கன்று அது. கணவனும் மனைவியுமாய் இரண்டு நாள் ஓய்வுக்குப் போவோரின் கணக்கு.

சலுகை தீது என்று நாம் சொல்ல வரவில்லை. காலிக் கூடத்தைவிட நிறைந்த கூடம் நன்று. வண்டியார்க்கும் ஆதாயம், கூடத்தார்க்கும் ஆதாயம். 1851லும் ஆதாயம் இல்லாமல் எவரும் கட்டணத்தைக் குறைக்கவில்லை. வேறுபாடு இதுதான்: அன்று குறைந்தது பயணக் கட்டணமே, அதனால் வரவே இயலாதவன் வந்தான். இன்றைய சலுகைக்கு விலை கொடுத்து வாங்கிய பயணச் சீட்டு முன்னிபந்தனை. பதினைந்து ஷில்லிங் ஐந்தாக இறங்கியபோது லீட்ஸ் நெசவாளனுக்குத் திறந்த வழியை, இரண்டில் ஒரு நுழைவைத் தள்ளுபடி செய்து திறந்துவிட முடியாது. அவன் முதலில் நிலையம் வந்து சேரவேண்டுமே!

யூரோஸ்டார் புறப்படும் லண்டன் செயிண்ட் பாங்கிராஸ் நிலையத்தைக் கட்டியதும், பாக்ஸ்டன் இயக்குநராக இருந்த அதே மிட்லண்டு நிறுவனந்தான். 1868இல் திறந்த அந்த நிலையத்தையும் 1960களில் இடித்துவிட முனைந்தனர்; கவிஞர் சான் பெட்சமன் முதலியோர் எதிர்த்து நின்று காத்தனர். மேலே பார்லோ என்ற பொறியாளர் தூணின்றி வளைத்த இரும்புக் கூரை. கீழே, தரைமட்டத்தில், வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள். பர்ட்டன் நகரிலிருந்து வண்டியில் வந்த பீர்ப் பீப்பாய்களை அடுக்குவதற்கென்றே கட்டிய கிடங்கு அது. தூண்களுக்கிடையே விட்ட தொலைவும் பீப்பாயின் அளவைக் கொண்டே கணக்கிட்டது. மதுவிலக்குக் கூட்டத்துக்கு வண்டி விட்டுத் தொழில் தொடங்கிய தாமஸ் குக் 1892 வரை வாழ்ந்தவர். அந்தக் கிடங்கு நிரம்பி வழிந்த நாட்களையும் அவர் கண்டிருப்பார். இப்போது பாரிஸ் செல்வோர் தம் சீட்டுடன் வண்டிக்குக் காத்திருப்பது அந்தப் பீப்பாய்கள் இருந்த இடத்தில்தான்.